அறுவை சிகிச்சைக்கு எண் இடுவது யார்?

நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டையை இறக்கும் டெல்டா விவசாயிக்கு ஒரு சொல்லின் விலை நன்றாகத் தெரியும். 'சன்ன ரகம்' என்று எழுதினால் குவிண்டாலுக்கு 2,545 ரூபாய். 'பொது ரகம்' என்று எழுதினால் 2,500 ரூபாய். மாநில ஊக்கத்தொகையையும் சேர்த்து 2025-26 பருவத்துக்குத் தமிழக அரசு அறிவித்த விலை இது. 45 ரூபாய் வித்தியாசம்தான். ஆனாலும் ரகத்தைப் பற்றி அவர் வாதாடுவார். ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டிவிட்டது என்றால், கருவி காட்டும் எண்ணைத் தானே எட்டிப் பார்ப்பார். நியாயம் கிடைக்கவில்லை என்றால் சாலையில் அமர்ந்து மறியலும் செய்வார்.

அதே விவசாயி அறுவை சிகிச்சைக்காக மருத்துவமனையில் சேரும்போது, அவருக்கு அளிக்கப்படும் சிகிச்சையும் ரகம் பிரிக்கப்படுகிறது. எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு குறியீடு அதற்கு இடப்படுகிறது. ஒரு குறியீட்டுக்கும் அடுத்த குறியீட்டுக்கும் இடையிலான வித்தியாசம் பல ஆயிரம் ரூபாயாக இருக்கக்கூடும். ஆனால், அப்படி ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது. கையொப்பமிட்ட தாள்களில் அது எங்கே இருந்தது என்று அவருடைய மகனுக்கும் தெரியாது. பொதுப் பணத்தில் நடக்கும் மருத்துவத்தின் மிக முக்கியமான முடிவுகளில் ஒன்று, அதனால் பாதிக்கப்படுபவரின் கண்ணில் படாமலேயே எடுக்கப்படுகிறது என்பதுதான் இந்தக் கட்டுரையின் கவலை.

குறியீடு என்ன செய்கிறது?

தமிழகத்தில் ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீடு 2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கியது. 2012 ஜனவரி 11 முதல் அது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக நடக்கிறது. 2018 செப்டம்பரில் மத்திய அரசின் பிரதமர் மக்கள் ஆரோக்கியத் திட்டத்துடன் இணைக்கப்பட்டது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பம், ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமில்லாமல் சிகிச்சை பெறலாம். டெல்டாவின் கிராமங்களில் குடும்ப அட்டைக்கு அடுத்தபடியாகப் பத்திரப்படுத்தப்படும் ஆவணம் இந்தக் காப்பீட்டு அட்டைதான். இந்தத் திட்டம் காப்பாற்றிய உயிர்கள் ஏராளம். அதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை.

இத்தகைய திட்டங்களில் மருத்துவமனைக்கு ஊசிக்கு இவ்வளவு, படுக்கைக்கு இவ்வளவு என்று பணம் தரப்படுவதில்லை. ஒவ்வொரு சிகிச்சையும் ஒரு தொகுப்பு. ஒவ்வொரு தொகுப்புக்கும் ஒரு குறியீடு. ஒவ்வொரு குறியீட்டுக்கும் ஒரு விலை. தமிழகத் திட்டத்துக்கெனத் தனிப் பட்டியல் உண்டு என்றாலும், அமைப்பைப் புரிந்துகொள்ள மத்திய அரசின் 2022ஆம் ஆண்டுப் பட்டியலைப் பார்க்கலாம். அதில் 27 மருத்துவத் துறைகளில் 1,949 சிகிச்சை முறைகள் உள்ளன. துறையைக் குறிக்க இரண்டு எழுத்துகள், தொகுப்பைக் குறிக்க மூன்று இலக்கங்கள், அதன் உட்பிரிவைக் குறிக்க இறுதியில் ஓர் எழுத்து.

பித்தப்பையில் கல் என்று வரும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். வயிற்றைத் திறந்து பித்தப்பையை அகற்றுவது ஒரு குறியீடு. நுண்துளை வழியே லேப்ராஸ்கோப்பி முறையில் அகற்றுவது வேறு குறியீடு. இரண்டிலுமே, பொதுப் பித்தநாளத்தையும் திறந்து ஆராய்ந்தால் ஒன்று, ஆராயாவிட்டால் வேறொன்று. மக்கள் பேச்சில் எல்லாமே 'பித்தப்பை ஆபரேஷன்'தான். பட்டியலிலோ அது நான்கு. ஒரே அமர்வில் ஒன்றுக்கு மேற்பட்ட அறுவைகள் நடந்தால் விலை அதிகமான முதல் அறுவைக்கு முழுத் தொகையும், இரண்டாவதற்குப் பாதியும், மூன்றாவதற்குக் கால் பங்கும் தரப்படும் என்ற விதியும் உண்டு. ஆகவே எதை முதன்மை அறுவையாகக் கொள்வது, எது இன்னொன்றுக்குள் அடங்கியது என்பதெல்லாம் பணத்தைத் தீர்மானிக்கும் கேள்விகளாகிவிடுகின்றன.

இந்தக் குறியீட்டை மூன்று தரப்புகள் நம்பியிருக்கின்றன. முதலாவது மருத்துவமனை, அதற்குக் கிடைக்கும் தொகை இதைப் பொறுத்தது. அரசு மருத்துவமனைகளும் காப்பீட்டுத் தொகையைப் பெறுகின்றன என்பதை மறந்துவிடக் கூடாது. இரண்டாவது நோயாளியின் குடும்பம். 5 லட்சம் ரூபாயில் அந்த ஆண்டு மிச்சம் எவ்வளவு என்பது இதைப் பொறுத்தது. தந்தையின் சிகிச்சைக்குக் கழிக்கப்பட்டது போக இருப்பதுதான் தாயின் சிகிச்சைக்கு. மூன்றாவது அரசு, மக்களுக்கு என்ன நோய், எந்த ஊரில் எந்த அறுவை எத்தனை நடக்கிறது என்பதை அது இந்தக் குறியீடுகளின் கூட்டுத்தொகையிலிருந்தே அறிகிறது.

கத்திக்கு முன்னால் எண்

குறியீடு எப்போது இடப்படுகிறது என்பதில்தான் சிக்கலின் வேர் இருக்கிறது. அவசர நிலை அல்லாத சிகிச்சைகளில் முன் அனுமதி பெற்ற பிறகே அறுவை நடக்கும். அதாவது மருத்துவர் உடலைத் திறந்து பார்ப்பதற்கு முன்பே, என்ன செய்யப்போகிறார் என்று ஓர் எண்ணால் சொல்லியாக வேண்டும். கணினி முன் அமர்ந்து அந்த எண்ணைப் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுத்து அனுப்புபவர் பெரும்பாலும் காப்பீட்டுப் பிரிவின் ஊழியர். அறுவையைச் செய்யப்போகும் மருத்துவர் வேறு வார்டில் இருப்பார்.

உடலோ முன் அனுமதிக்குக் கட்டுப்பட்டதல்ல. புண்ணைச் சுத்தம் செய்யலாம் என்று திறந்தால் எலும்பு வரை அழுகியிருக்கும். விரலை எடுக்க வேண்டிவரும். லேப்ராஸ்கோப்பியில் தொடங்கியது பாதியில் திறந்த அறுவையாக மாறும். அப்போது எண்ணையும் மாற்றியாக வேண்டும். மாற்றுவதற்கு மீண்டும் விளக்கம், மீண்டும் ஆவணம், மீண்டும் காத்திருப்பு. நூறு நோயாளிகளுக்கு நடுவில் நிற்கும் ஒரு மருத்துவரும், நாள் முடிவதற்குள் இத்தனை கோரிக்கைகளை அனுப்பியாக வேண்டும் என்ற நெருக்கடியில் இருக்கும் ஒரு ஊழியரும், ஏற்கெனவே அனுமதி கிடைத்த எண்ணையே விட்டுவைப்பது மனித இயல்பு. இதில் யாருடைய தீய எண்ணமும் தேவையில்லை.

திருவையாற்றுப் பக்கத்தைச் சேர்ந்த என் ஒன்றுவிட்ட சித்தப்பாவுக்கு நீண்ட காலமாக நீரிழிவு. வயலில் வெறுங்காலுடன் நடந்து ஏற்பட்ட புண்ணுக்காக ஒரு மருத்துவமனையில் சேர்ந்தார். இரண்டு விரல்களை இழந்து திரும்பினார். டிஸ்சார்ஜ் சம்மரியை என்னிடம் கொடுத்து, "தம்பி, அட்டையில் இன்னும் எவ்வளவு இருக்கிறது, பார்த்துச் சொல்" என்றார். அறுவையின் பெயர் ஆங்கிலத்தில் ஒரு வரியில் இருந்தது. எந்தத் தொகுப்பின் கீழ் எவ்வளவு கழிக்கப்பட்டது என்பது எங்கும் இல்லை. எந்தக் கால், எந்த விரல் என்பதும் இல்லை. அவர் கேட்டது நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லும் தாள் அவர் கையில் இல்லை.

இரு பக்கமும் தவறலாம்

தவறான குறியீடு என்றதும் நமக்கு மோசடிதான் நினைவுக்கு வரும். அது உண்மையில் நடக்கிறது. செய்த அறுவையைவிட விலை உயர்ந்த அறுவையாகக் காட்டுவது ஒரு வகை. ஓர் அறுவையைத் துண்டு துண்டாகப் பிரித்துக் காட்டுவது இன்னொரு வகை. இவற்றைவிடக் கொடியது மூன்றாவது: குறியீட்டுக்காகவே அறுவை செய்வது. அங்கே எண் சிகிச்சையைப் பின்தொடர்வதில்லை. சிகிச்சை எண்ணைப் பின்தொடர்கிறது.

2024 நவம்பரில் அகமதாபாதில் நடந்தது நாட்டையே அதிரவைத்தது. இலவச முகாமுக்கு வந்த கிராமத்தினர் 19 பேர் ஒரு தனியார் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லப்பட்டு ஆஞ்சியோகிராம் பரிசோதனைக்கு உள்ளாக்கப்பட்டனர், அவர்களில் 7 பேருக்கு ஸ்டென்ட் பொருத்தப்பட்டது, இருவர் இறந்தனர். காப்பீட்டுப் பணத்துக்காகத் தேவையற்ற சிகிச்சை அளிக்கப்பட்டது என்ற குற்றச்சாட்டின் பேரில் காவல் துறை வழக்குப் பதிந்தது. அதற்கும் முன்பு பிஹார், சத்தீஸ்கர், ராஜஸ்தான் மாநிலங்களில் ஏழைப் பெண்களுக்குத் தேவையின்றிக் கருப்பை அகற்றப்பட்டதாக எழுந்த புகார்கள் உச்ச நீதிமன்றம் வரை சென்றன. இவற்றில் காப்பீட்டுப் பணத்துக்காக நடந்தவையும் உண்டு என்பது புகாரின் ஒரு பகுதி. மத்திய சுகாதார அமைச்சகத்தின் வழிகாட்டு நெறிகளை மூன்று மாதங்களுக்குள் பின்பற்றுமாறு 2023 ஏப்ரலில் எல்லா மாநிலங்களுக்கும் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

ஆனால், தவறின் இன்னொரு பக்கத்தை நாம் பேசுவதே இல்லை. கடினமான அறுவையை எளிய அறுவையின் எண்ணில் பதிவதும் தவறுதான். அதனால் அரசு மருத்துவமனைக்கு வர வேண்டிய தொகை வராமல் போகிறது. அந்த வார்டுக்கு வந்திருக்கக்கூடிய கருவி வராமல் போகிறது. பொருந்தாத எண் இட்டதாலேயே உண்மையான சிகிச்சைக்கான கோரிக்கையும் நிராகரிக்கப்படலாம். மோசடியையும் கவனக்குறைவையும் ஒரே தட்டில் வைக்கும் தணிக்கை நேர்மையான மருத்துவரை அச்சுறுத்தும், தந்திரக்காரரைத் தொடாது. பிரதமர் மக்கள் ஆரோக்கியத் திட்டம் குறித்து 2023 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட தணிக்கை அறிக்கை, ஒரே நோயாளி ஒரே நேரத்தில் இரு மருத்துவமனைகளில் உள்நோயாளியாக இருந்ததாகக் காட்டும் பதிவுகளைச் சுட்டிக்காட்டியது. பச்சிளங் குழந்தை தாயின் அடையாள எண்ணிலேயே வேறு மருத்துவமனையில் சேர்க்கப்படுவது போன்ற காரணங்களும் இதற்கு உண்டு என்று விளக்கம் தரப்பட்டது. பதிவு தெளிவாக இல்லாவிட்டால் குற்றத்தையும் குழப்பத்தையும் பிரித்தறிய முடியாது என்பதே இதில் நமக்குள்ள பாடம்.

இங்கே படித்து அங்கே எழுதுகிறோம்

இந்தத் திறமை தமிழகத்தில் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. கும்பகோணம், மன்னார்குடி, பட்டுக்கோட்டையிலிருந்து உயிரி வேதியியலும் நுண்ணுயிரியலும் படித்த எத்தனையோ இளைஞர்கள் சென்னையிலும் திருச்சியிலும் 'மெடிக்கல் கோடிங்' பணியில் இருக்கிறார்கள். அவர்கள் குறியீடு இடுவது அமெரிக்க நோயாளிகளுக்கு. இத்துறையின் புகழ்பெற்ற சான்றிதழ்த் தேர்வு 4 மணி நேரத்தில் 100 கேள்விகள் கொண்டது. தேர்ச்சிக்கு 70 சதவீதம் வேண்டும்.

அமெரிக்க மருத்துவச் சங்கம் 1966இல் வெளியிட்ட குறியீட்டு முறையை அங்குள்ள மருத்துவர்கள் பின்பற்றுகிறார்கள். உள்நோயாளிகளுக்கான அறுவைகளுக்கு 2015 அக்டோபர் முதல் ஏழு எழுத்தெண்கள் கொண்ட வேறொரு முறை மருத்துவமனைகளில் நடைமுறையில் இருக்கிறது. அதில் ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு பொருள் உண்டு: எந்த உடல் மண்டலம், என்ன வினை, எந்த உறுப்பு, எந்த வழியே என்று அது வரிசையாகச் சொல்லும். உறுப்பின் ஒரு பகுதியை நீக்கினால் ஒரு வினை. முழுவதையும் நீக்கினால் வேறு வினை. கால் விரல் அகற்றப்பட்டிருந்தால், எந்தக் கால், எத்தனையாவது விரல், எந்த மட்டத்தில் வெட்டப்பட்டது என்பது வரை அந்த ஏழு இடங்களில் வந்துவிடும். மருத்துவர் எழுதாத எதையும் குறியீடு இடுபவர் ஊகித்துச் சேர்க்கக் கூடாது என்பது அவர்கள் முதலில் கற்கும் பாடம். ஓஹையோவில் யாரோ ஒருவர் இழந்த விரலை இவ்வளவு துல்லியமாகப் பதிவு செய்யும் பட்டதாரியின் தந்தை, ஒரத்தநாட்டில் இழந்த விரலுக்கு அந்தத் துல்லியம் கிடைப்பதில்லை.

அமெரிக்காவை அப்படியே பின்பற்றச் சொல்லவில்லை. அங்கே குறியீடு என்பது பெரும் வணிகம். நோய்த் தொகுதிக்கு இவ்வளவு என்று 1983இல் முதியோர் காப்பீட்டில் கட்டணம் நிர்ணயிக்கப்பட்டதும், விலை அதிகமான தொகுதிக்கு நோயாளியை நகர்த்தும் பழக்கமும் கூடவே வந்தது. துல்லியமான குறியீடு நேர்மையைத் தானாகத் தந்துவிடாது. ஆனால், நேர்மையைச் சோதிக்க அது இல்லாமல் முடியாது.

விலை வேறு, விவரம் வேறு

நம் தொகுப்புப் பட்டியல் விலை நிர்ணயத்துக்காகப் பிறந்தது. நடந்ததை விவரிப்பது அதன் முதல் நோக்கமல்ல. ஒரே எண்ணை இந்த இரண்டுக்கும் பயன்படுத்துவதால்தான் இத்தனை குழப்பம். விவரத்துக்கான எண்ணைத் தனியே இட்டு, விலைக்கான தொகுப்பை அதிலிருந்து பெறுவதே முறை. உலக சுகாதார நிறுவனத்தின் மருத்துவச் செயல்முறை வகைப்பாடு இதற்கு ஏற்றது. எந்த உறுப்பில், என்ன செயல், எவ்வழியில் என்ற மூன்று கேள்விகளுக்கான பதிலே அதில் ஒரு குறியீடு. 2022ஆம் ஆண்டுப் பட்டியலை வெளியிட்டபோது, இந்த வகைப்பாட்டையும் நோய்களுக்கான பன்னாட்டு வகைப்பாட்டின் பதினோராம் பதிப்பையும் பயன்படுத்தப்போவதாகத் தேசிய சுகாதார ஆணையம் அறிவித்தது. அந்த அறிவிப்பு மாவட்ட மருத்துவமனையின் வார்டு வரை இறங்கி வர வேண்டும்.

எந்தக் குறியீடும் மருத்துவர் எழுதும் அறுவைக் குறிப்பிலிருந்துதான் பிறக்க முடியும். அந்த விஷயத்தில் தஞ்சைக்கு ஒரு மரபே உண்டு. இரண்டாம் சரபோஜி மன்னர் காலத்துக் கண் மருத்துவக் குறிப்புகள் சரஸ்வதி மகால் நூலகத்தில் உள்ளன. நோயாளியின் விவரம், பாதிக்கப்பட்ட கண்ணின் வண்ண ஓவியம், அளிக்கப்பட்ட சிகிச்சை என்று ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன்பு இங்கே 'கேஸ் ஷீட்' எழுதியிருக்கிறார்கள். கணினிக் காலத்தில் அதைவிடக் குறைவாக எழுதுவதற்கு நமக்குக் காரணம் ஏதும் இல்லை.

விவரம் இல்லாததால் நாம் இழப்பது என்ன? நீரிழிவு நோயாளிகளின் கால்களைக் காப்பதற்காகத் தமிழக அரசு 'பாதம் பாதுகாப்போம்' திட்டத்தைக் கொண்டுவந்துள்ளது. சேற்றில் இறங்கி நடவு செய்பவர்கள் வாழும் டெல்டாவுக்கு இதைவிடப் பொருத்தமான திட்டம் அரிது. அது வெற்றி பெற்றதா என்பதை அறிய எளிய அளவுகோல் ஒன்றுதான்: கால் அகற்றும் அறுவைகள் குறைந்தனவா? முழங்காலுக்குக் கீழே வெட்டப்பட்டவை குறைந்து, விரலோடு நின்றவை கூடியிருந்தால் அதுவும் ஒரு வெற்றியே. விரல் நீக்கம் 'புண் சுத்திகரிப்பு' எண்ணில் ஒளிந்துகொண்டால், இந்தக் கணக்கு ஒருபோதும் தேறாது. கண்டறிய முடியாத வெற்றிக்கு அடுத்த ஆண்டு நிதி கேட்கவும் முடியாது.

செய்யக்கூடியவை

முதலாவதாக, முன் அனுமதிக்கான எண்ணையும் இறுதி எண்ணையும் பிரிக்க வேண்டும். முன்னது மதிப்பீடு மட்டுமே. இறுதி எண்ணை, அறுவை முடிந்த பிறகு, அறுவைக் குறிப்பைப் படித்து இட வேண்டும். அதில் மருத்துவர் கையொப்பமிட வேண்டும். இரண்டும் வேறுபட்டால் அதைக் குற்றமாகப் பார்க்கக் கூடாது. எப்போதுமே வேறுபடாத மருத்துவமனையைத்தான் தணிக்கையாளர் சற்று உற்றுப் பார்க்க வேண்டும்.

இரண்டாவதாக, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் பயிற்சி பெற்ற குறியீட்டாளர்களை நியமிக்க வேண்டும். அவர்கள் காப்பீட்டுப் பிரிவின் கீழ் அல்லாமல் மருத்துவ ஆவணத் துறையின் கீழ் பணியாற்ற வேண்டும். வருவாயைக் கூட்ட வேண்டிய பொறுப்பு உள்ளவரிடம் எண்ணைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பையும் கொடுக்கக் கூடாது. பதிவுகளில் ஒரு பகுதியை, முதல் எண்ணைப் பார்க்காத இன்னொரு குறியீட்டாளர் மீண்டும் குறியிட்டு ஒப்பிட வேண்டும்.

மூன்றாவதாக, வீடு திரும்பும் ஒவ்வொரு நோயாளிக்கும் தமிழில் ஒரு சீட்டு: என்ன அறுவை, எந்தப் பக்கம், எந்தக் குறியீடு, எவ்வளவு கழிக்கப்பட்டது, எவ்வளவு மிச்சம். ஐந்தே வரிகள். செய்யாத அறுவையைச் செய்ததாகக் காட்டுவதற்கு இதைவிட மலிவான தடுப்பு இல்லை. தன் உடலில் எத்தனை தழும்பு என்று நோயாளிக்குத் தெரியும்.

நான்காவதாக, பெயர் விவரங்களை நீக்கிவிட்டு, மாவட்ட வாரியாக எந்த அறுவை எத்தனை நடந்தது என்ற எண்ணிக்கையை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். ஒரு வட்டாரத்தில் மட்டும் கருப்பை நீக்கமோ ஸ்டென்ட் பொருத்துவதோ திடீரெனக் கூடினால், உயிர்கள் போவதற்கு முன்பே அது கண்ணில் படும்.

மருத்துவர்களுக்கு எழுத்து வேலை கூடிவிடும் என்பார்கள். பயிற்சி பெற்ற ஒருவர் உடன் இருந்தால் அது குறையவே செய்யும். குறியீடெல்லாம் பாமர மக்களுக்குப் புரியாது என்பார்கள். ஈரப்பதத்தின் சதவீதத்தையும் நெல் ரகத்தின் நுணுக்கத்தையும் அதிகாரிகளுக்கே எடுத்துச் சொல்லும் மக்களைப் பார்த்து அப்படிச் சொல்வது பொருந்தாது. செலவாகும் என்பார்கள். பல நூறு கோடி ரூபாய் புரளும் ஒரு திட்டத்தில், அந்தப் பணம் எதற்குப் போகிறது என்பதைச் சரியாக எழுத ஆகும் செலவைச் சுமை என்று சொல்ல முடியாது.

தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஒரே ஒரு துறையில், ஓராண்டுக்கு இதை நடத்திப் பார்க்கலாம். கால் அகற்றும் அறுவைகளிலிருந்தே தொடங்கலாம். அடுத்த ஆண்டு எத்தனை கால்கள் தப்பின என்று கேட்டால், அப்போது அரசிடம் சொல்வதற்கு ஓர் எண் இருக்கும். அந்த எண்ணை நாமும் நம்பலாம்.